பிரின்ஸ் ப்ளூம் வளர்க்க: உரம் வேண்டாம், தண்ணீரும் அதிகம் வேண்டாம்

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, நெவாடா பக்கம் சொந்த வீடு வாங்கிய நம்மவர்கள் கோடை வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் அதிகம் ஊற்றாமல் வாசலில் என்ன பூ வைக்கலாம்? நான் இருப்பது கொலராடோவின் மேற்கு ஓரத்தில், கிராண்ட் ஜங்ஷனில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். மழையும் பனியும் சேர்ந்து வருடத்துக்கு 230 மில்லிமீட்டர் அளவுதான். ஜூலையில் சில நாட்கள் வெயில் 38 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவுகள் உறைநிலைக்கு நன்றாகக் கீழே போகும். இந்த இரண்டையும் தாங்கி, என் வாசலில் ஆளுயரத்துக்கு மஞ்சளாகப் பூக்கிற செடி ஒன்று இருக்கிறது. பிரின்ஸ் ப்ளூம் என்பார்கள். தாவரவியல் பெயர் ஸ்டான்லியா பின்னேட்டா. கடுகுக் குடும்பத்துக் காட்டுச் செடி, இந்த மண்ணிலேயே பிறந்தது.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள். மே கடைசியிலிருந்து ஜூலை வரை கிராண்ட் ஜங்ஷன், மோவாப் பக்கம் காரில் போனால், புல்கூட முளைக்காத சாம்பல் நிறச் சரிவுகளில் மஞ்சள் கொத்துகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கொலராடோ நேஷனல் மானுமென்ட், ஆர்ச்சஸ், கேப்பிட்டல் ரீஃப் ஆகிய தேசியப் பூங்காப் பகுதிகள் எல்லாவற்றிலும் உண்டு. அடித்தண்டு கட்டையாக இருக்கும். இலை சாம்பல் பூசிய பச்சை. கீழ் இலைகள் முள்ளங்கி இலையைப் போல இரு பக்கமும் வெட்டுப்பட்டவை, மேல் இலைகள் சிறியவை, வெட்டு குறைந்தவை. பூத்தண்டு மூன்றிலிருந்து ஐந்து அடி வரை வளரும். பூக்கள் கீழிருந்து மேலாக மலரும். அடியில் காய் பிடித்திருக்கும்போது நுனியில் இன்னும் மொட்டு இருக்கும். அதனால் ஒரே தண்டு பல வாரம் பூவோடு நிற்கும்.

பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். நான்கு இதழ், ஆறு கேசரம் (மகரந்தம் தாங்கும் இழை), கடுகுக்கு உள்ளதேதான். ஆனால் கடுகில் நான்கு கேசரம் நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் இருக்கும். இதில் ஆறும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், இதழைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து கொத்து பஞ்சு போலத் தெரிவது அதனால்தான். காயும் காம்பிலிருந்து நேராகத் தொடங்காது, நடுவில் இன்னொரு சிறு காம்பு இருக்கும். நம் ஊர் வேலியோரத்து நல்வேளை, நாய்வேளைப் பூக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எங்கோ பார்த்த பூவாகத் தோன்றும். தாவரவியலாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. 1814-இல் ஃபிரெடரிக் பர்ஷ் இதை முதலில் விவரித்தபோது வேளைச் செடிகளின் பேரினத்தில் சேர்த்து கிளியோம் பின்னேட்டா என்றுதான் பெயர் வைத்தார். 1818-இல் தாமஸ் நட்டல் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, இங்கிலாந்தின் ஸ்டான்லி பிரபுவின் பெயரைச் சூட்டினார். பிற்பாடு டெர்பியின் 13-ஆவது பிரபுவாக ஆனவர் அவர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே சாலைகளில் மஞ்சள் பூவோடு நிஜமான வேளைச் செடியும் ஒன்று வளர்கிறது. யெல்லோ பீ பிளான்ட் என்பது அதன் பெயர். அது ஒரு வருடச் செடி. பூத்து, காய்த்து, செத்துவிடும். இலையைப் பார்த்தால் சந்தேகம் தீரும். விரித்த கைவிரல்களைப் போல இலை பிரிந்திருந்தால் அது வேளை. நரம்பின் இரு பக்கமும் வெட்டுப்பட்டிருந்து, தண்டின் அடி கட்டையாக இருந்தால் பிரின்ஸ் ப்ளூம். விதை வாங்கும்போதும் ஸ்டான்லியா பின்னேட்டா என்ற பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டான்லியா ஆல்பெசன்ஸ் என்று வெளிறிய பூவுள்ள ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதுவும் அழகுதான், ஆனால் இரண்டு வருடத்தோடு முடிந்துவிடும்.

சரி, இடம். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். மர நிழல், வடக்குச் சுவரோரம் இரண்டும் ஆகாது. தெற்கு அல்லது மேற்கு பார்த்த சரிவு இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ட்ரைவ்வே ஓரத்தில் சரளை கிடக்கிற, எதுவும் வளரவில்லை என்று விட்டுவைத்த பட்டையான இடம் இருக்குமே, அதைக் கொடுங்கள். ஸ்பிரிங்ளர் தண்ணீர் தெறிக்கிற இடமாக மட்டும் இருக்கக் கூடாது. செடிக்குச் செடி மூன்று அடி விடுங்கள். முதல் வருடம் இடைவெளி அதிகமாகத் தெரியும். மூன்றாம் வருடம் சரியாக இருக்கும்.

மண்ணைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். டென்வர் பக்கம் அரோராவில் இருக்கும் ஒரு தம்பி விதை வாங்கிக்கொண்டு போனவர், ஃபோனில் கேட்டார்.

“அக்கா, குழியில கம்போஸ்ட் எவ்வளவு போடணும்?”

“ஒண்ணுமே போடாதீங்க தம்பி.”

“மாட்டு எரு கொஞ்சம்?”

“அதுவும் வேண்டாம்.”

அவருக்கு மனசே வரவில்லை. நிலத்தில் எருப் போடாமல் எதையும் நடக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தச் செடி ஷேல் (சேறு இறுகி உண்டான அடுக்குப் பாறை) சரிவிலும் ஜிப்சம் மண்ணிலும் உப்புப் பூத்த தரையிலும் வளரப் பழகியது. கொழுத்த மண்ணில் நட்டால் இலை மளமளவென்று வரும், தண்டு தளதளவென்று நீளும், காற்றடித்தால் சாயும். பனிக்காலத்தில் ஈரம் கோத்துக்கொண்டு அடித்தண்டு அழுகும். இதைக் கொல்வது வறட்சி இல்லை, குளிரும் இல்லை. குளிர்காலத்து ஈரம்தான்.

உங்கள் மண் களியாக இருந்தால் பயப்பட வேண்டாம். காட்டிலும் இது களிமண்ணில்தான் பல இடங்களில் நிற்கிறது; ஆனால் சரிவில் நிற்கிறது. தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுகிறது. சமதளமான களிமண் என்றால் ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். உள்ளூர் மண்ணோடு பாதிக்குப் பாதி சரளையும் பருமணலும் கலக்கலாம். மெல்லிய மணல் மட்டும் கலக்காதீர்கள். களியும் மென்மணலும் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். மேலே மூடாக்குக்கு மரச் சீவல் போடாமல் இரண்டு அங்குலம் சரளை பரப்புங்கள். அடித்தண்டைச் சரளை ஒட்டியிருக்கலாம், புதைக்கக் கூடாது.

விதைக்க நல்ல காலம் அக்டோபர் கடைசி, நவம்பர். நிலம் உறைவதற்கு முன் போட்டுவிட்டால் மிச்சத்தைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளும். நட வேண்டிய இடத்திலேயே மண்ணைக் கீறி, இடத்துக்கு ஐந்தாறு விதை தூவி, கால் அங்குலத்துக்கும் குறைவாக மண்ணும் பொடிச் சரளையும் மூடி, கையால் அழுத்தி விடுங்கள். ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். மேலே கோழிவலையை வளைத்து மூடுங்கள். முயலும் எலியும் இளநாற்றை விடாது. வளர்ந்த செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காத முயல், நாற்றை மட்டும் அடியோடு கத்தரித்துவிடும்.

இலையுதிர் காலத்தைத் தவறவிட்டவர்கள் ஃபிரிட்ஜைப் பயன்படுத்தலாம். ஈரமணலைக் கையில் பிழிந்தால் நீர் சொட்டாத பக்குவத்தில் ஜிப்லாக் பையில் போட்டு, அதில் விதையைக் கலந்து, தேதி எழுதி, காய்கறித் தட்டில் ஒரு மாதம் வையுங்கள். குளிரே காட்டாமல் முளைக்கும் விதைகளும் உண்டு. ஆனாலும் குளிர் பட்டவை ஒன்றுபோலக் கிளம்பும் என்பது என் அனுபவம். பைக்குள்ளேயே வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தால் உடனே எடுத்து விதைத்துவிட வேண்டும்.

தொட்டியில் நாற்று எடுப்பதானால் அகலம் முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம். இது ஆணிவேர்ச் செடி. மேலே இரண்டு இலை இருக்கும்போதே வேர் கீழே வெகுதூரம் போயிருக்கும். பத்து அங்குலமாவது ஆழமுள்ள குறுகிய தொட்டி வேண்டும். மரக்கன்றுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி. கடையில் விற்கிற பாட்டிங் மிக்ஸில் பாதிக்கு மேல் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குருணையோ பொடிச் சரளையோ கலந்துகொள்ளுங்கள். நாலைந்து நிஜ இலை வந்ததும் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். வேர் சுருண்டுவிட்டால் அந்தச் செடி பிறகு எழும்பாது. மாற்றும்போது மண்கட்டி உடையக் கூடாது. வேரைத் தட்டி உதறிப் பிரித்து நடும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள்.

முதல் கோடை முழுக்கச் செடி தரையோடு இலைக்கொத்தாகவே கிடக்கும். பூ வராது. இரண்டாம் வருடம் சிலது பூக்கும், மூன்றாம் வருடம்தான் பெரும்பாலும் முழு உருவம் வரும். அந்த முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் தேவை. நட்ட முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆழமாக, மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது செடிக்குக் கெடுதல். வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் கோடையில் மழையே இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை. அதன்பின் எங்கள் ஊர் மழையளவே அதற்குப் போதுமானது. என் செடிகள் அப்படித்தான் நிற்கின்றன.

இனி, இந்தச் செடியை வீட்டில் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நான் மிகவும் மதிக்கும் விஷயமும் இதுதான். பிரின்ஸ் ப்ளூம் மண்ணிலிருந்து செலினியம் என்ற தனிமத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். அளவு மீறினால் அது நஞ்சு. செலினியமும் கந்தகமும் வேதியியலில் நெருங்கிய உறவு. கடுகுக் குடும்பத்துக்குக் கந்தகம் நிறையத் தேவை. கடுகின் காரமே கந்தகச் சேர்மங்களால் வருவது. கந்தகம் போகும் அதே வழியாகச் செலினியமும் வேருக்குள் நுழைகிறது. சாதாரணச் செடி அதைக் கந்தகம் என்று எடுத்துத் தன் புரதத்தில் வைத்துக் கட்டும், புரதம் கெடும், செடி நலியும். பிரின்ஸ் ப்ளூம் அப்படிச் செய்யாது. செலினியம் சேர்ந்த அமினோ அமிலத்தின் மேல் மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதியை ஏற்றி, அது புரதத்துக்குள் போகாதபடி செய்து, இலையின் விளிம்புப் பக்கத்துச் செல்களில் பத்திரப்படுத்துகிறது. பூவிலும் விதையிலும் இன்னும் செறிவாக வைக்கிறது. செலினியம் மிகுந்த மண்ணில் வளர்ந்த செடியைக் காயவைத்துப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல்கூட இருக்கும்.

எதற்கு இந்தச் சேமிப்பு? தின்ன வருபவர்களைத் துரத்தத்தான். ஃபோர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பைலன்-ஸ்மிட்ஸின் ஆய்வுக் குழு, பிரேரி டாக் என்னும் வளைவாழ் விலங்குகள் நடமாடும் இடத்தில் செலினியம் ஏற்றிய செடிகளையும் ஏற்றாத செடிகளையும் வைத்துப் பார்த்தது. ஏற்றாதவற்றைத்தான் அவை அதிகம் கடித்தன. ஆனால் இயற்கை ஒரு பக்கமாக நிற்பதில்லை. நம் ஊரில் முட்டைக்கோஸை நாசம் செய்யும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், இந்தச் செடியின் செலினியத்தையே தின்று வாழும் வகை ஒன்று உருவாகியிருப்பதை அதே குழு கண்டறிந்து 2006-இல் வெளியிட்டது. அந்தப் புழுவுக்குள் முட்டையிடும் குளவியும் செலினியத்தைத் தாங்குகிறது.

கிராண்ட் ஜங்ஷனைச் சுற்றியுள்ள சாம்பல் மேடுகள் மான்கோஸ் ஷேல். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தபோது படிந்த சேறு அது, செலினியம் மிகுந்தது. 1950-களில் கொலராடோ பீடபூமியில் யுரேனியம் தேடியபோது, தாதுவோடு செலினியமும் சேர்ந்தே கிடக்கும் என்பதால் இத்தகைய செடிகள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹெலன் கேனன் அந்த முறையை வளர்த்தெடுத்தவர். அதனால் உங்கள் மனைக்கு அருகில் பிரின்ஸ் ப்ளூம் தானாகவே அடர்ந்து வளர்ந்திருந்தால், கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் அதில் செலினியம் எவ்வளவு என்று ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

நம்மவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: இந்த இலையைச் சமைக்காதீர்கள். முள்ளங்கிக் கீரை, கடுகுக்கீரை பொரியல் செய்து பழகிய கை நம்முடையது. இலையைக் கசக்கினால் வரும் வாசனையும் அந்தக் குடும்பத்து வாசனைதான். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செலினியம் 55 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது மேல்வரம்பு. ஷேல் மண்ணில் வளர்ந்த காய்ந்த இலை ஒரே ஒரு கிராமில் 1,000 மைக்ரோகிராம் இருக்க முடியும். கணக்கைப் பார்த்தால் போதும். இந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் சிலர் இளந்தளிரைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். அது எந்தச் சரிவின் இலை, எந்த மாத இலை என்று தலைமுறையாக அறிந்தவர்களின் உணவு. நாம் அதை முயல வேண்டாம்.

ஆடு, மாடு, குதிரை வைத்திருப்பவர்கள் மேய்ச்சல் நிலத்தில் இதை நடக்கூடாது. நல்ல தீவனம் இருக்கும்வரை விலங்குகள் பெரும்பாலும் இதைத் தொடாது. பசி முற்றினால் தின்னும். செலினியம் மிகுந்தால் மயிர் கொட்டும், குளம்பு பிளந்து கழலும். வெட்டிய தண்டுகளைக் காய்கறிப் பாத்திக்குப் போகும் கம்போஸ்டில் சேர்க்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். செலினியம் குறைந்த சாதாரணத் தோட்ட மண்ணில் வளரும் செடியில் அவ்வளவு இருக்காது என்பது உண்மைதான். செடி வளரச் செலினியம் கட்டாயமும் இல்லை. ஆனாலும் மண்ணைச் சோதிக்காமல் நாம் எப்படிச் சொல்வது? எல்லா இடத்திலும் இதே கவனத்தோடு இருங்கள்.

ஷேல் மண் வீட்டுக்காரர்கள் தண்ணீரைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மண்ணில் அளவுக்கு மீறிப் பாய்ச்சும் நீர் செலினியத்தைக் கரைத்து ஆற்றில் கொண்டுபோய் விடுகிறது. கொலராடோ ஆற்றிலும் கன்னிசன் போன்ற அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் அரிய மீன்களுக்கு அது கேடு. கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் வயல் வடிகால் நீர் தேங்கி, 1983-இல் உருக்குலைந்த பறவைக் குஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்டது இதே செலினியத்தால்தான். வாசல் புல்தரையை எடுத்துவிட்டு அங்கே நான்கு பிரின்ஸ் ப்ளூம் வைப்பது அந்த ஆற்றுக்கும் செய்கிற உதவி. அதனால்தான் கேட்பவர்களுக்கெல்லாம் இதையே சொல்கிறேன்.

பூச்சித் தொல்லை அதிகம் இல்லை. வசந்தத்தில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மருந்து அடிக்காதீர்கள்; பூக்காலம் முழுக்கத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். இலையில் பச்சைப் புழு இருந்தால் அது பெக்கர்ஸ் ஒயிட் என்ற வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அதற்கு இதுவும் ஒரு தாய்ச்செடி. விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்? ஆரஞ்சுப் பூவுள்ள குளோப்மேலோ, ஊதா நிற பென்ஸ்டிமன், இந்தியன் ரைஸ்கிராஸ் என்ற புல். மூன்றுக்கும் இதே சரளை, இதே வறட்சி பிடிக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகப் பூக்கும் ஜூன் முதல் வாரத்துக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன்.

காய் வைக்கோல் நிறத்துக்கு மாறும்போது விதை எடுக்க வேண்டும். கடுகு நெற்றைப் போலவே முற்றினால் தானே வெடித்துச் சிதறும், ஆகவே கீழ்க்காய்கள் வெடிக்கத் தொடங்கும் நாளில் தண்டோடு வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் தேய்த்துப் புடைத்தால் பழுப்பு விதை தனியே வரும். கண்ணாடி ஜாடியில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மிச்சமான தண்டைக் குளிர்காலம் முடியும் வரை விட்டு, மார்ச்சில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வெட்டினால் போதும்.

காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் அறுந்துவிடும், பிழைக்காது. நேஷனல் பார்க், நேஷனல் மானுமென்ட் எல்லைக்குள் விதை எடுப்பதும் குற்றம். மற்ற அரசு நிலங்களில் அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். இல்லையென்றால் நாட்டுச்செடி நர்சரியில் வாங்குங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் அம்மா வீட்டு மாடியில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் எடுத்துப்போக முடியாது. அது ஒருபுறம் இருக்க, ஐப்பசி மழையில் அந்த வேர் அழுகிவிடும். அம்மா வீட்டு வேலியில் நல்வேளை இருக்கிறது. அதைப் பிடுங்காமல் இருக்கச் சொல்லுங்கள்.